மின்கம்பியின் கடைமடை

கரண்ட் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையின் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ரோட்டோரத்து டிரான்ஸ்பார்மரில் லைன்மேன் பீஸ் கட்டையைச் செருகிய நொடியில், கிணற்று மேட்டு ஸ்டார்ட்டர் பெட்டி ‘டக்’கென்று பிடித்தது. பக்கத்துத் தோட்டத்திலும் அதே சத்தம். தலைக்கு மேலே தொங்கிய குண்டு பல்பு எரிந்ததாகச் சொல்ல முடியாது. இழை மட்டும் செம்பருத்தி நிறத்தில் கனன்றது. ஃபேன் அசையவே இல்லை. மோட்டார் ‘உர்ர்’ரென்று முனகியதே தவிர குழாயில் தண்ணீர் வரவில்லை. பத்து நொடிதான். பிறகு எல்லாம் இருண்டது. டிரான்ஸ்பார்மரில் மறுபடி பீஸ் போய்விட்டது.

இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை லைன்மேன் ஏறுவதற்கு முன்னால் தோட்டத்துக்காரர் செல்போனை எடுத்தார். ஏழெட்டுப் பேரிடம் பேசினார். எல்லோரிடமும் ஒரே சேதி: “அண்ணா, ஆட்டோவ ஆஃப் பண்ணி வைங்க. நான் போட்டு ஓடுனதுக்கப்புறம் கூப்புடறேன், நீங்க போடுங்க.” இம்முறை பீஸ் நின்றது. பல்பு வெள்ளையாக எரிந்தது. மோட்டார்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒவ்வொன்று எழும்போதும் பல்பு ஒருமுறை கண் மூடித் திறந்தது.

அன்று மாலை அந்த ஊரில் மின்சாரப் பற்றாக்குறை எதுவும் இல்லை. துணைமின் நிலையம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. கரண்ட் வந்தவுடன் தானாக ஓட வேண்டும் என்று ஆட்டோ சுவிட்ச் மாட்டப்பட்ட பதினைந்து மோட்டார்கள் ஒரே நொடியில் எழ முயன்றன. நடந்தது அவ்வளவுதான். இந்த ஒரு நொடியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. மின்வெட்டு என்றால் சட்டமன்றம் வரை போகிறது. கட்டண உயர்வு என்றால் தெருவுக்கு வருகிறோம். வந்துகொண்டிருக்கும் மின்சாரம் எப்படிப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டியவர்கள் பெரும்பாலும் கம்பியின் கடைசியில் இருக்கிறார்கள்.

நின்ற மோட்டாரின் பசி

கிணற்று மோட்டாரின் பெயர்ப் பலகையைத் துடைத்துப் பார்த்தால் 1440 என்று ஓர் எண் இருக்கும். நிமிடத்துக்கு அத்தனை சுற்று. உள்ளே இருக்கும் காயில் உண்டாக்கும் காந்தப்புலமோ நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. நடுவில் இருக்கும் உருளை அதைத் துரத்திக்கொண்டே ஓடுகிறது, ஒருபோதும் எட்டிப் பிடிப்பதில்லை. பின்தங்கும் அந்த 60 சுற்றில்தான் மோட்டாரின் உயிர் இருக்கிறது. காந்தப்புலம் உருளையின் கம்பிகளைக் கடந்து போகும் அளவுக்குத்தான் அவற்றில் மின்னோட்டம் பிறக்கும், அந்த மின்னோட்டத்தால்தான் இழுவை பிறக்கும். 1880களின் இறுதியில் நிக்கோலா டெஸ்லாவும், மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு இன்றைய வடிவம் தந்த டோலிவோ டோப்ரோவோல்ஸ்கியும் கொடுத்த இந்த ஏற்பாடு, பெரிய மாற்றமில்லாமல் இன்றும் நம் கிணறுகளில் ஓடுகிறது.

உருளை நின்றுகொண்டிருக்கும்போது என்ன ஆகும்? பின்தங்கல் 60 சுற்று இல்லை, முழுதாக 1500. காந்தப்புலம் அசுர வேகத்தில் உருளையைக் கடந்து போகிறது. மின்னோட்டம் பாய்கிறது. ஓடும்போது ஏழரை ஆம்பியர் எடுக்கும் ஐந்து ஹெச்.பி. மோட்டார், நேரடி ஸ்டார்ட்டரில் எழும்போது ஆறு மடங்கு, நாற்பத்தைந்து ஆம்பியர் வரை கேட்கும். வேகம் பிடித்ததும் அடங்கிவிடும். இரண்டு மூன்று நொடி வேலை.

ஒரு மோட்டார் என்றால் ஊர் தாங்கும். கணக்கைப் பதினைந்துக்குப் போட்டுப் பார்க்கலாம். கிராமத்து 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒரு ஃபேஸுக்குத் தரக்கூடியது 133 ஆம்பியர். பதினைந்து மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்தால் 110 சொச்சம்தான், தாராளமாகத் தாங்கும். ஒரே நொடியில் எழுந்தால் 675 ஆம்பியர். ஐந்து மடங்கு. டிரான்ஸ்பார்மரின் முனையிலேயே வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு சரிந்துவிடும். அங்கிருந்து அரைக் கிலோமீட்டர், முக்கால் கிலோமீட்டர் மெல்லிய அலுமினியக் கம்பியில் போகும்போது இன்னும் சரியும்.

அடுத்து நடப்பதுதான் கொடுமை. மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் எழுபது சதவீதம் ஆனால் இழுவை எழுபது இல்லை, நாற்பத்தொன்பது. பாதி பலம் போய்விட்ட மோட்டார் வேகம் எடுக்க முடியாமல் பாதியில் திணறும். திணறும் வரை அதே பேராசை மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படி இழுப்பதால் பக்கத்து மோட்டாரும் திணறும். ஒருவரை ஒருவர் கீழே இழுத்துக்கொண்டு பதினைந்து பேர் கிணற்றிலிருந்து ஏற முயல்வதைப் போன்றது இது. ஒன்று பீஸ் போக வேண்டும், அல்லது காயில் கருக வேண்டும். சாளையில் நான் கேட்ட அந்த ‘உர்ர்’ சத்தம் இதுதான்.

சாலும் வடமும்

கொங்கு நாட்டில் மோட்டாருக்கு முன்னால் கவலை என்ற இறைவை இருந்தது. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். மாடு பின்னுக்கு நடக்க, வெறும் சால் கீழே போகும். வாய்க்காலில் பாய்ந்தது தண்ணீர் மட்டும்தான். சாலின் எடை ஒவ்வொரு முறையும் மேலே வந்து, ஒவ்வொரு முறையும் கீழே போனது. பயிருக்கு அதனால் பயனில்லை. சால் இல்லாமல் தண்ணீரும் இல்லை. வடத்தைத் தேய்த்ததில் சாலுக்கும் பங்கு உண்டு.

மோட்டாருக்கும் இப்படி ஒரு சால் இருக்கிறது. காந்தப்புலத்தை உண்டாக்க அது கம்பியிலிருந்து ஓர் ஆற்றலை வாங்கி, அடுத்த கணமே திருப்பிக் கொடுக்கிறது. நொடிக்கு நூறு முறை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். மீட்டரின் யூனிட் கணக்கில் இது வராது. ஆனால் கம்பியில் இடம் பிடிக்கும், கம்பியைச் சூடாக்கும், வோல்டேஜைக் குறைக்கும். பொறியாளர்கள் இதற்கு வைத்திருக்கும் அளவுகோல்தான் பவர் ஃபேக்டர். தோட்டத்து மோட்டார்கள் பலவற்றில் அது 0.75, 0.8 என்று நிற்கும். எழும் நேரத்தில் 0.2, 0.3 வரை இறங்கிவிடும். அப்போது கம்பியில் ஓடுவது பெரும்பாலும் சால்தான், தண்ணீர் இல்லை.

இதற்கு மருந்து நூறு ஆண்டுப் பழையது, விலை மலிவு. மோட்டாரின் பக்கத்திலேயே ஒரு கெபாசிட்டர். ஐந்து ஹெச்.பி.க்கு இரண்டு கே.வி.ஏ.ஆர். அளவில் ஒரு டப்பா போதும். மோட்டார் கேட்கும் அந்தக் கொடுக்கல் வாங்கலைக் கெபாசிட்டர் பக்கத்தில் இருந்தே பார்த்துக்கொள்ளும், ஊர்க்கம்பி வரை போகாது. பவர் ஃபேக்டர் 0.75-லிருந்து 0.95-க்கு ஏறினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். வெப்பமாக வீணாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். தொழிற்சாலைகள் இதை ஒழுங்காகச் செய்கின்றன. உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர் 0.90-க்குக் கீழே போனால் பில்லில் தண்டம் வரும் என்பது ஒரு காரணம். தோட்டத்தில் தண்டமும் இல்லை, மீட்டரும் பெரும்பாலும் இல்லை. ஒருமுறை மாட்டிய கெபாசிட்டர் வீங்கிப் போனால் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே ஓட்டுகிறோம். மாற்றினால் தனக்கு என்ன கிடைக்கும் என்று விவசாயி கேட்டால் நேர்மையான பதில் இதுதான்: கிடைப்பது பெரும்பாலும் கடைசி வீட்டுக்காரருக்கு.

தலைமடையும் கடைமடையும்

வாய்க்கால் பாசனம் தெரிந்த எவருக்கும் கடைமடை என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். மதகு திறந்ததும் தலைமடைக்குத் தண்ணீர் பாயும். கடைமடைக்கு மிச்சம் பாயும், சில ஆண்டுகளில் அதுவும் பாயாது. மின்கம்பிக்கும் ஒரு தலைமடை, ஒரு கடைமடை உண்டு. டிரான்ஸ்பார்மர் பக்கத்து வீட்டில் 235 வோல்ட் இருக்கும் அதே நேரத்தில், கம்பியின் கடைசி வீட்டில் 170 இருக்கலாம். வாய்க்காலில் யார் எவ்வளவு எடுத்தார் என்று கண்ணுக்குத் தெரியும், சண்டை போடலாம், முறை வைக்கலாம். கம்பியில் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் கடைசி வீட்டுக்காரர் சண்டை போடுவதில்லை, ஸ்டெபிலைசர் வாங்குகிறார்.

விதி இதற்கு என்ன சொல்கிறது? 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், தாழ்வழுத்த இணைப்பில் வோல்டேஜ் அறிவித்த அளவிலிருந்து ஆறு சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று எழுதின. 240 வோல்ட் என்று அறிவித்தால் 225-க்குக் கீழே போகக் கூடாது. எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்ட விதி! மாலை ஆறரை மணிக்கு ஒரு கடைமடை வீட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தால், அந்த விதியை எழுதியவர்கள் இந்த ஊர்களை நினைத்துத்தான் எழுதினார்களா என்று வேதனையாக இருக்கும்.

கடைமடைத் தோட்டத்து மோட்டாரின் வாழ்க்கை தனிக்கதை. வோல்டேஜ் குறைந்தாலும் தண்ணீரை ஏற்ற வேண்டிய வேலை குறையாது. அதே வேலைக்கு மோட்டார் கூடுதல் மின்னோட்டம் எடுக்கிறது. சூடாகிறது. பத்து டிகிரி கூடுதல் சூடு, காயிலின் மேல் இருக்கும் காப்பின் ஆயுளை ஏறத்தாழப் பாதியாக்கும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. ஒருநாள் காயில் கருகும். மோட்டாரை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனால், ரீவைண்டிங் கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி: “உங்க ஊர்ல வோல்டேஜ் எவ்வளவுங்க வருது?” பதிலுக்கு ஏற்றபடி, குறைந்த வோல்டேஜிலும் இழுக்கும் வகையில் காயில் கட்டிக் கொடுப்பார். அதற்கென்றே ‘லோ வோல்டேஜ் மோட்டார்’ என்று கடைகளில் புதிதாகவும் கிடைக்கிறது. விவசாயிக்கு அது உடனடித் தீர்வு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, நெல் வாடும்போது யாராக இருந்தாலும் அதைத்தான் வாங்குவோம். ஆனால் அந்த மோட்டார் கம்பியிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்கும். ஊர் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அடுத்த கோடையில் அதே மோட்டாருக்குப் போவார். நிலத்தடி நீர் இறங்கி, போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்ட, ஐந்து ஹெச்.பி. இருந்த இடத்தில் பத்தும் பதினைந்தும் வந்த கதையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. டிரான்ஸ்பார்மர் மட்டும் பழைய டிரான்ஸ்பார்மர்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மும்முனை மின்சாரம் சில மணி நேரம் மட்டும் வந்த காலத்தில், மீதி நேரத்தில் வரும் இரண்டு ஃபேஸை வைத்துக்கொண்டு, நடுவில் ‘கன்டென்சர்’ போட்டு மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டும் பழக்கம் வந்தது. தண்ணீர் வரும். ஆனால் சுமை மூன்று கம்பிகளில் சமமாக இல்லாமல் இரண்டில் போய் விழும். ஊர் முழுக்க ஃபேஸுக்கு ஃபேஸ் வோல்டேஜ் மாறும். சமமில்லாத வோல்டேஜ் மோட்டாருக்கு விஷம். மூன்று ஃபேஸுக்கும் இடையில் மூன்று சதவீத வேறுபாடு இருந்தால் காயிலின் வெப்ப உயர்வு பதினெட்டு சதவீதம் வரை கூடும். ஐந்து சதவீதம் என்றால் ஐம்பது. ஒழுங்காக மூன்று ஃபேஸில் ஓடிக்கொண்டிருக்கும் அடுத்தவர் மோட்டார்தான் இதில் கருகும். ஏன் கருகியது என்றே அவருக்குத் தெரியாது.

இலவசமும் தரமும்

இந்த இடத்தில் சிலர் சொல்வார்கள்: “இலவசக் கரண்ட்தானே, இதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது?” இந்தப் பேச்சை நான் ஏற்க மாட்டேன்.

தமிழ்நாட்டு விவசாயிக்கு இலவச மின்சாரம் யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை. 1970 ஜூனில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் கூடிய விவசாயிகளில் மூவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையின் சாலைகளை மாட்டு வண்டிகள் அடைத்தது 1972-ல். 1989-ல் அமைந்த கருணாநிதி ஆட்சியில்தான் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்றானது. இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. அந்தப் போராட்டங்கள் எல்லாம் விலையைப் பற்றியவை. வோல்டேஜ் அவற்றின் முதன்மைக் கோரிக்கையாக இருக்கவில்லை. விலை இல்லை என்று ஆன பிறகு மீட்டர் தேவைப்படவில்லை. மீட்டர் இல்லாததால் எங்கே எவ்வளவு போகிறது, எவ்வளவு சரிகிறது என்ற கணக்கும் இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் புகாருக்கு ஆதாரம் இல்லை. விவசாயி மின்சாரத்துக்குக் கொடுக்காத பணத்தை ரீவைண்டிங் கடையில் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அரசு மானியமாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி கம்பியில் சூடாகிப் போகிறது. இரண்டு பக்கமும் நட்டம்.

குஜராத் இதை வேறு விதமாகக் கையாண்டது. 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் ஊர்க்கம்பியையும் தோட்டக் கம்பியையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். மோட்டார் எழுந்தால் வீட்டு விளக்கு மங்காது. தோட்டத்துக்குக் குறிப்பிட்ட நேரம், ஆனால் முழு வோல்டேஜ். மின்சார நேரத்தைச் சுருக்கியதால் சொந்தக் கிணறு இல்லாமல் தண்ணீர் வாங்கிப் பயிர் செய்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்ற விமர்சனம் உண்டு, அது நியாயமானதும் கூட. ஆனாலும் கம்பியைப் பிரித்தது நல்ல வேலை. நம் ஊரிலும் ஃபீடர் பிரிப்பு பேசப்படுகிறது, சில இடங்களில் நடக்கிறது. பேசும் வேகத்தில் நடக்கவில்லை.

ஆலைக்குள்ளும் அதே நொடி

இது தோட்டத்துப் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகிய ஊர் கோவை. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் உள்நாட்டு மோட்டாரைச் செய்ததும் இங்கேதான். மோட்டாரின் அருமையும் தொல்லையும் இந்த ஊருக்கு ஒன்றாகவே தெரியும்.

ஒரு பெரிய கம்ப்ரசரோ கல் உடைக்கும் கிரஷரோ எழும்போது, அதே ஃபீடரில் இருக்கும் நூற்பாலையில் வோல்டேஜ் ஒரு கண்சிமிட்டும் நேரம் பாதிக்கு இறங்கினால் போதும். இயந்திரங்களைப் பிடித்து வைத்திருக்கும் கான்டாக்டர்கள் விட்டுவிடும். கரண்ட் போகவில்லை, விளக்குகூட அணையவில்லை, ஆனால் ஸ்பின்னிங் மெஷின் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்து, ஒவ்வொன்றாக ஒட்டிப் போட்டு மறுபடி ஓட்டப் பெண் தொழிலாளர்கள் ஓட வேண்டும். அன்றைய உற்பத்திக் கணக்கில் ‘மின்தடை’ என்று பதிவாகாது, ஏனென்றால் மின்தடை நடக்கவில்லை. மின்வாரியத்தின் கணக்கிலும் ஒன்றும் இருக்காது.

கிரஷர், மர அறுவை மில் போன்றவற்றில் சுமை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனோடு வோல்டேஜும் ஏறி இறங்கும். மனிதக் கண் இதில் விசித்திரமான நுட்பம் கொண்டது. நொடிக்கு ஒன்பது முறை அளவில் ஒளி துடித்தால், வோல்டேஜ் கால் சதவீதம், அரைச் சதவீதம் மாறினாலே கண்டுபிடித்துவிடும். பக்கத்துத் தெருவில் படிக்கும் பிள்ளைக்குத் தலை வலிக்கிறது என்றால், அவள் சாக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம், பல்பைப் பாருங்கள்.

பெரிய மோட்டாரை மெதுவாக எழுப்ப வழிகள் உண்டு. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் எழும் மின்னோட்டத்தை மூன்றில் ஒன்றாக்கும். இழுவையும் மூன்றில் ஒன்றாகிவிடும் என்பதால், வோல்டேஜ் ஏற்கெனவே சரிந்த கடைமடையில் அது திணறும். கடைமடையில் சில பேர் அதைக் கழற்றி நேரடியாகப் போடுவதற்குக் காரணம் அறியாமை என்று அதிகாரிகள் சொல்வது அவ்வளவு சரியில்லை. சாஃப்ட் ஸ்டார்ட்டர் இன்னும் நயமாக எழுப்பும். எல்லாவற்றிலும் சிறந்தது வி.எஃப்.டி. எனப்படும் டிரைவ். மின்சாரத்தின் அலைவெண்ணையே மாற்றி, மோட்டாரைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல நடக்கவைத்து ஓடவிடும். பம்பின் வேகத்தைத் தேவைக்கு ஏற்பக் குறைத்தால் மின்சாரமும் வெகுவாக மிச்சமாகும்.

அந்த மருந்துக்கும் ஒரு பக்க விளைவு இருக்கிறது. டிரைவ் மின்சாரத்தை அலையாக உறிஞ்சாது, வெட்டி வெட்டி எடுக்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் மேல் 250, 350 ஹெர்ட்ஸ் அலைகள் ஏறி நெளியும். இதைத்தான் ஹார்மோனிக்ஸ் என்கிறார்கள். இந்த அலைகள் டிரான்ஸ்பார்மரைச் சூடாக்கும். பவர் ஃபேக்டருக்காக மாட்டிய கெபாசிட்டரோடு சில நேரம் ஒத்திசைந்து பெருகி அதையே வெடிக்கவைக்கும். நல்ல எண்ணத்தில் டிரைவும் கெபாசிட்டரும் சேர்த்து மாட்டிய பட்டறையில், கெபாசிட்டர்கள் மாதத்துக்கு ஒன்றாக வீங்குவது இதனால்தான். நடுவில் ரியாக்டரோ ஃபில்டரோ போட்டால் தீரும். அந்தச் செலவை முதல் எஸ்டிமேட்டில் சேர்க்காமல் டிரைவ் விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வாங்குபவர் கேட்டால்தான் சொல்கிறார்கள். கேளுங்கள்.

மோட்டார் பெரிது என்பதாலேயே தொல்லை பெரிதாகிவிடாது. தெலங்கானாவின் காளேஸ்வரம் திட்டத்தில் ஒரே நிலையத்தில் ஏழு மோட்டார்கள், ஒவ்வொன்றும் 139 மெகாவாட். அவற்றுக்கென்று உயரழுத்தக் கம்பியும் துணைமின் நிலையமும் கட்டி, எப்படி எழுப்புவது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். நம் ஊர்க் கம்பியின் கடைசியில் தொங்கும் பத்து ஹெச்.பி. மோட்டாருக்கு அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

வீட்டு ஏ.சி.யும் மோட்டார்தான் என்பதை நகரத்து வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. 1987 ஜூலை 23 அன்று டோக்கியோவில் கொளுத்தும் வெயிலில் மதிய இடைவேளை முடிந்ததும் ஏ.சி. சுமை மளமளவென்று ஏறியது. வோல்டேஜ் சரியச் சரிய அவை மின்னோட்டத்தைக் கூடுதலாக இழுத்தன. கடைசியில் 28 லட்சம் இணைப்புகள் இருண்டன. நம் தோட்டத்து டிரான்ஸ்பார்மரில் பத்து நொடியில் நடப்பதன் மாநகர வடிவம் அது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியதில் ஏ.சி.களின் பங்கு சிறியது இல்லை.

செய்யக்கூடியவை

மின்வாரியத்தின் கையில் இருக்கும் பெரிய வேலை, தாழ்வழுத்தக் கம்பியைச் சுருக்குவது. ஒரு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு கிலோமீட்டர் இழுப்பதற்குப் பதில், 11,000 வோல்ட் கம்பியையே தோட்டம் வரை கொண்டுபோய், மூன்று நான்கு மோட்டாருக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைப்பது. அதே மின்திறனுக்கு 11,000 வோல்ட்டில் ஓடும் மின்னோட்டம் 25-ல் ஒரு பங்குதான். அதே கம்பியில் வெப்பமாகும் இழப்பு 600-ல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கடைமடை என்பதே ஏறக்குறைய இல்லாமல் போகும். டிரான்ஸ்பார்மர் மூன்று நான்கு பேருடையது என்றானால் அவர்களே அதைப் பார்த்துக்கொள்வார்கள், கன்டென்சர் போட்டு ஓட்டுபவரை அவர்களே கேட்பார்கள். முதலீடு பெரிதுதான். ஆனால் கருகும் டிரான்ஸ்பார்மர்கள், கம்பியில் வீணாகும் மானியம், விவசாயியின் காயில் கட்டும் கூலி எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதிக் கூட்டினால், செய்யாமல் இருப்பதற்கும் ஒரு விலை இருப்பது தெரியும்.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. தோட்டத்துக் கெபாசிட்டரை மாட்டிவிட்டு மறப்பதற்குப் பதில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து மாற்றும் பொறுப்பை வாரியமே ஏற்கலாம். பயன் வாரியத்துக்கும் ஊருக்கும் என்றிருக்க, செலவை மட்டும் விவசாயி தலையில் வைப்பது நியாயமில்லை. ஒவ்வொரு கிராம டிரான்ஸ்பார்மரிலும் ஒரு மீட்டர் வைத்து, வோல்டேஜை நாள் முழுக்கப் பதிவு செய்து, அந்தப் பதிவை ஊர் பார்க்கும்படி வைக்கலாம். மானியத்தில் கொடுக்கும் சூரிய பம்புகளில் டிரைவ் உள்ளேயே இருப்பதால் அவை மெதுவாகத்தான் எழுகின்றன, ஊர்க்கம்பியைத் தொடுவதே இல்லை. கடைமடைத் தோட்டங்களுக்கு அவற்றில் முன்னுரிமை கொடுப்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது.

வோல்டேஜ் புகாருக்கும் கால வரம்பு உண்டு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2004ஆம் ஆண்டுச் செயல்திறன் விதிகள் அதைச் சொல்கின்றன. ‘லைட் டிம்மா எரியுது’ என்று போனில் சொன்னால் அந்தப் புகார் அன்றோடு கரைந்துவிடும். ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்து, மாலை ஆறு மணிக்கு இத்தனை, ஏழு மணிக்கு இத்தனை, எதிர்த் தோட்டத்து மோட்டார் எழும்போது இத்தனை என்று ஒரு வாரம் குறித்து, இணைப்பு எண்ணோடு எழுத்தில் பிரிவு அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

மோட்டார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் செல்போனில் செய்ததை ஒரு சின்ன டைமர் செய்யும். எலக்ட்ரீசியனிடம் சொன்னால் ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே மாட்டித் தருவார். கரண்ட் வந்ததும் உங்கள் மோட்டார் முப்பது நொடி கழித்து எழட்டும், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் அறுபது நொடி கழித்து, அதற்கடுத்தது தொண்ணூறு. ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் பதினைந்து பேரும் ஒரு நாள் மாலை உட்கார்ந்து, யாருக்கு எத்தனை நொடி என்று பேசி முடிவு செய்யுங்கள். கடைமடையில் இருப்பவருக்கு முதல் முறை கொடுங்கள்.